கடலூர்–புதுச்சேரிக் கரையின் வரைபடங்களைப் படிப்பது எப்படி?

வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது ஒரு திறன். அந்த வரைபடம் நம்மை எதை நம்பச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது வேறொரு திறன். முதலாவதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதை நாமே பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப் பழகுவதற்குக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இருபது கிலோமீட்டர் சொச்சக் கடற்கரையைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம் என்பது என் கருத்து. 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும், 1690 முதல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்களும் ஒருவரையொருவர் கண்காணித்தபடி குடியிருந்தார்கள். இடையில் 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்தார்கள். பகைமை கொண்ட மூன்று தரப்பினரும் ஒரே மண்ணைத் தத்தம் தேவைக்கு வரைந்து வைத்திருப்பதால், ஒருவர் படம் மறைப்பதை இன்னொருவர் படம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளூர் வரலாறு எழுதுவோர், சமூக அறிவியல் ஆசிரியர்கள், ஏதோ ஒரு திட்டத்தின் வரைபடம் கைக்கு வந்து அதை எப்படி எதிர்கொள்வது என்று யோசிப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எங்கே தேடுவது

பழைய பிரெஞ்சுப் படங்களுக்குப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' இணையதளம் முதல் இடம், கட்டணம் இல்லை. டச்சுப் படங்கள் தி ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஆங்கிலேயப் படங்கள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. இவற்றில் கணிசமானவை இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. உள்ளூரில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் ரோமன் ரோலண்ட் நூலகமும், சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உதவும். தேடும்போது இன்றைய ஊர்ப் பெயர்களை மட்டும் தட்டச்சு செய்தால் பாதிப் படங்கள் அகப்படாது. தேவனாம்பட்டினத்தைத் 'தெக்னபட்டம்' என்றும் 'செயின்ட் டேவிட் கோட்டை' என்றும், பரங்கிப்பேட்டையைப் 'போர்ட்டோ நோவோ' என்றும் எழுதிய காலம் அது.

இந்திய நில அளவைத் துறையின் தலப்படங்களை (நில அமைப்பை விரிவாகக் காட்டும் படங்களை)ப் பொறுத்தவரை ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் அடங்கும் தலப்படங்கள் பல பத்தாண்டுகளாகத் தடைசெய்யப்பட்டவையாக வைக்கப்பட்டிருந்தன. கடலூர், புதுச்சேரி இரண்டும் முழுக்க அந்தப் பட்டைக்குள் இருந்ததால், விழுப்புரத்தைத் தாண்டி வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர்க்காரருக்குக் கடையில் கிடைத்த படம், கரையில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களும் இந்த நிலையைப் படிப்படியாகத் தளர்த்தின. ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதை யார் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

படம் கைக்கு வந்ததும் கண் நேராக நம் ஊரைத் தேடிப் போகும். அதைச் சற்றுத் தடுத்து, தலைப்பு, அர்ப்பணிப்பு வாசகம், அலங்காரச் சித்திரம், குறிவிளக்கம், அளவுகோல், அச்சிட்ட இடம் என்று ஓரங்களை முதலில் படியுங்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல் 1780களின் தொடக்கத்தில் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் தலைப்பைச் சூழ்ந்த சித்திரத்தில், பிரிட்டானியா என்ற பெண்ணுருவத்திடம் இந்துப் பண்டிதர்கள் தங்கள் சாத்திர நூல்களை ஒப்படைக்கிறார்கள். அவளும் அவற்றைத் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்கிறாள். அந்த ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரோடும் மராத்தியரோடும் போரில் இருந்தது. 1783 ஜூன் மாதம் கடலூரை வைத்திருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, கரைக்கு எதிரே கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. இவ்வளவு ரத்தம் சிந்தப்பட்ட நாட்டின் படத்தில், ஆட்சியானது மரியாதையாக ஒப்படைக்கப்பட்ட ஒன்றாகக் காட்சி தருகிறது. உள்ளே ஆறுகளும் ஊர்களும் கூடியவரை துல்லியமாக இருக்கின்றன. துல்லியமான உட்பகுதிதான் ஓரத்துச் சித்திரத்தையும் நம்ப வைக்கிறது.

ரென்னலுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1752இல், பிரெஞ்சுக் கம்பெனிக்காக இந்தியப் படம் ஒன்றை வரைந்த பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வீல், தமக்கு உறுதியான தகவல் கிடைக்காத இடங்களை வெறுமையாகவே விட்டவர். யானையையும் புலியையும் வரைந்து இடத்தை நிரப்புவது அதுவரை வழக்கமாக இருந்தது. வெற்றிடம் நேர்மையின் அடையாளமாகவும் இருக்கலாம், 'இங்கே கேட்பார் இல்லை' என்ற அழைப்பாகவும் இருக்கலாம். எந்தப் படத்தில் எது என்பதை, வரைந்தவர் மற்ற இடங்களில் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

ஆண்டு அச்சிடப்படாத படமாக இருந்தால், உள்ளே இருப்பதைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம். புதுச்சேரியில் பழைய கலங்கரை விளக்கம் இருந்தால் 1836க்குப் பிந்தையது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை ஓடினால் 1879க்குப் பிந்தையது. தென்னாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்தால் 1993க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் அது விழுப்புரம், கடலூர் என்று பிரிந்தது. மாநிலத்தின் பெயர் சென்னை என்றிருந்தால் 1969க்கு முந்தையது. 'பாண்டிச்சேரி' ஒன்றியப் பகுதி 2006 அக்டோபரில் 'புதுச்சேரி' ஆனது. இவற்றுள் மிகவும் சுவையானது 1954க்கும் 1962க்கும் இடைப்பட்ட காலம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம், 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்று 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் நிறைவுற்றது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அச்சான அட்லஸ் கிடைத்தால், புதுச்சேரிக்கு எந்த நிறம் தீட்டப்பட்டிருக்கிறது, பெயரின் அருகே அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகத்தார் எந்தத் தலைநகரின் சொல்லை ஏற்றுக்கொண்டார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

வரைபடத்தில் மிகவும் பொய் சொல்லக்கூடிய பொருள் எல்லைக்கோடு. ஆறும் மலையும் போல அதுவும் இயற்கையில் இருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. எந்தக் கோட்டைப் பார்த்தாலும், அது எப்போது, எந்தக் கருவியால், யாருடைய முன்னிலையில் உண்டானது என்ற கேள்விகளை எழுப்புங்கள்.

கடலூரின் கதை இதற்கு உலகத்தரம் வாய்ந்த பாடம். 1690இல் செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் ராஜாராமின் தரப்பிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஏக்கர் கணக்கு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவும் கம்பெனிக்கு என்பதே ஏற்பாடு. உடனே சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்று வரவழைக்கப்பட்டது. மருந்து கெட்டிப்பதும் சுடுவதும் பீரங்கிக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது என்று சென்னை ஆலோசனைச் சபை தன் கடிதத்தில் நாசூக்காக நினைவூட்டியது. செப்டம்பர் மாதத்தில் திசைதோறும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் அகப்பட்டன. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் பின்னாளைய ஆவணங்களிலும் நீடித்தது.

இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் செயின்ட் டேவிட் கோட்டையின் சுற்றுப்புறத்தைக் காட்டும் ஆங்கிலேயப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எல்லை அமைதியான ஒரு கோடாக, பல இடங்களில் முள்வேலியின் குறியீட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். வெடிச்சத்தம், கோட்டைக்குள் விற்றவரும் வாங்கியவரும் பேரம் பேசியபோது தங்களைக் கேட்காமலே கைமாறிய கிராமத்தார், பீரங்கிக்காரரின் கைத்திறன் ஆகிய எதுவும் கோட்டில் இல்லை. வேலி நட்டபின் எல்லைக்கு வயது கூடிவிடுகிறது. படத்தில் ஏறியபின் அது என்றென்றும் இருந்ததாகிவிடுகிறது. புதுச்சேரியைச் சுற்றியும் இதே போன்றதொரு எல்லை வேலி இருந்தது. 1760 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அந்த வேலியைக் கைப்பற்றிய பிறகே நகரத்தின் கழுத்தை இறுக்க முடிந்தது.

இன்றைய புதுச்சேரி மாவட்டத்தின் எல்லை இன்னும் விசித்திரமானது. அது ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. இதற்குக் காரணம் நிலவியல் இல்லை, கணக்குவழக்குதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலம் வந்து சேர்ந்தது ஊர் ஊராக, மாகாணம் மாகாணமாக, அன்றன்றைய நவாபுகளோடும் போட்டியாளர்களோடும் செய்துகொண்ட உடன்பாடுகளால். 1783இல் வெர்சாய் ஒப்பந்தம் ஏற்பட்டபோதும் புதுச்சேரியைச் சார்ந்த நிலமாக வில்லியனூர், பாகூர் பகுதிகள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. வரி எந்த ஊரிலிருந்து யாருக்குப் போகிறது என்பதே அக்காலத்து ஆட்சியின் அளவு. தொடர்ச்சியான நிலப்பரப்பு வேண்டும் என்ற எண்ணம் பின்னால் வந்தது. ஆகவே துண்டுபட்ட அந்தப் படத்தைப் 'பிழையான எல்லை' என்று பார்ப்பதைவிட, வரிக்கணக்கு ஏடு ஒன்று படமாக உறைந்துபோன நிலை என்று பார்ப்பது சரியாக இருக்கும்.

படத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்தபின் நேரில் போய்ப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து முள்ளோடை வரை வந்தால் எல்லை தெரியும். தெரிவிப்பது பெரும்பாலும் எல்லைக்கல் அன்று, மதுக்கடைகளின் பலகைகள். இரண்டு அரசுகளின் வரி விகிதங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு கடைகளாக வரிசைகட்டி நிற்கும் இடமே உண்மையான எல்லை என்று மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எல்லைக்கோடு என்ன வேலை செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

ஒரே தாளில் ஒட்டப்பட்ட நாடு

புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே, சந்திரநாகூர் ஆகியவை வங்காளத்திலிருந்து மலபார் வரை பரவிக் கிடந்த ஐந்து புள்ளிகள். இந்தியா முழுவதையும் காட்டும் ஆங்கிலேய அட்லஸில் இவை கண்ணுக்கே தெரியாது. சிவப்பு வண்ணப் பரப்பின் ஓரத்தில், பிரெஞ்சு என்பதன் சுருக்கத்தோடு ஒரு சிறு எழுத்து இருக்கும். அதே காலத்துப் பிரெஞ்சு அட்லஸைப் புரட்டினால், 'இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியிருப்புகள்' என்ற தலைப்பில் ஐந்தும் ஒரே தாளில், தனித்தனிக் கட்டங்களில், தனித்தனி அளவையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். நடுவிலிருந்த ஆயிரக்கணக்கான சதுர மைல் ஆங்கிலேய இந்தியா காணாமற்போய், அங்கே வெள்ளைத் தாள் மட்டும் இருக்கும். பாரிஸ் நகரப் பள்ளி மாணவனுக்கு அது ஒரு நாடாகத் தோன்றியிருக்கும்.

இரண்டு அட்லஸிலும் பொய்யான அளவு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அளவையைத் தேர்ந்தெடுத்தது, கட்டம் போட்டது, தலைப்பு வைத்தது ஆகிய மூன்றுமே அரசியல் வேலையைச் செய்துவிடுகின்றன. எனவே ஒட்டுக்கட்டம் உள்ள எந்தப் படத்தைக் கண்டாலும், ஒவ்வொரு கட்டத்தின் அளவுகோலையும் தனித்தனியாக எடுத்து, ஒரே அளவைக்கு மாற்றி, ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே மறுபடி வரைந்து பாருங்கள். ஒன்றியப் பகுதியின் இன்றைய படத்துக்கும் இதைச் செய்யலாம். மொத்தப் பரப்பே ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர்தான். அதில் மாஹேயின் பங்கு 9 சதுர கிலோமீட்டர். பாடநூல் படத்தில் மாஹே கிட்டத்தட்டக் காரைக்கால் அளவுக்கு வீங்கி நிற்பதன் காரணம் பழைய பிரெஞ்சு உத்தியின் தொடர்ச்சி என்பது அப்போது புலப்படும். இங்கே அது யாரையும் ஏமாற்றச் செய்யப்படவில்லை. ஓர் ஆட்சிப் பகுதியை ஒரே முகமாகக் காட்ட வேண்டிய தேவை பிரான்சுக்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது.

உலகப் படங்களின் கோட்டுச்சட்டம் (உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறை) பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளின் திசைக் கணக்குக்காக அமைத்த சட்டம், துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பைப் பெரிதாக்கும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கே இருக்கும் கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். கடலூர் மாவட்ட அளவிலான படத்தில் இந்தக் கோளாறு தொல்லை செய்வதில்லை. ஆகையால் உள்ளூர்ப் படத்தைப் படிப்பவர் தம் சந்தேகத்தை அளவையின் மீதும் குறிவிளக்கத்தின் மீதும் செலவிடுவதே லாபம்.

நகரப் படத்தில் இல்லாததைத் தேடுங்கள்

புதுச்சேரியின் நேர்கோட்டு வீதிகளைப் 'பிரெஞ்சு நகர அமைப்பு' என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் புகழும். ஹேக் நகரக் காப்பகத்திலுள்ள 1694ஆம் ஆண்டு டச்சுப் படங்களை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ழான் தெலோஷ், அந்தக் கட்டச் சதுர அமைப்பு டச்சுக்காரர் காலத்திலேயே திட்டமிடப்பட்டது என்று காட்டினார். தோற்றுப்போய் வெளியேறியவர்களின் படம் இல்லாமல் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. எதிராளியின் படத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பிரெஞ்சு நகரப் படங்களில் நகரின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் வெறும் நீர்வழி அன்று. அதற்குக் கிழக்கே 'வெள்ளை நகரம்', மேற்கே 'கறுப்பு நகரம்' என்று எழுதப்பட்டிருக்கும். கிழக்கில் வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக விவரம் இருக்க, மேற்கில் மனைத் தொகுதிகள் முழுவதும் ஒரே சாயம் பூசிய கட்டங்களாக இருக்கும் படங்கள் உண்டு. ஒரே தாளில் எந்தப் பகுதிக்கு விவரம் அதிகம், எந்தப் பகுதிக்குக் குறைவு என்று ஒப்பிடுவது மிகவும் பயனுள்ள பயிற்சி. யாருடைய சொத்து எண்ணத்தக்கது, யார் கூட்டமாக மட்டும் கணக்கில் வந்தார்கள் என்பதற்கு அது விடை தரும். இன்றைய பெரும்பாலான சுற்றுலாப் படங்களும் வாய்க்காலுக்குக் கிழக்கே கஃபேக்களின் பெயரைக்கூட விடாமல் எழுதிவிட்டு, மேற்கே போகப் போக வீதிப் பெயர்களையும் உதிர்த்துவிடுகின்றன.

வேதபுரீசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் நம் கோயில்களைப் 'பகோடா' என்று குறிப்பது வழக்கம். 1748க்கு முந்தைய படங்களில் ஏசு சபையாரின் தேவாலயத்தை ஒட்டி அந்தக் குறியைத் தேடலாம். அந்த ஆண்டு பாஸ்கவன் தலைமையிலான ஆங்கிலேய முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில், கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. அதற்குப் பின் வந்த படங்களில் அவ்விடத்தில் கோயில் இல்லை, இடிந்ததற்கான அடையாளமும் இல்லை. அந்தச் சில நாள்களில் நடந்ததை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் திறக்க வேண்டும். யார் வந்து முறையிட்டார்கள், யார் கையைப் பிசைந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வரைபடம் விளைவை மட்டும் காட்டும், செய்தவரைச் சொல்லாது. ஆகவே படத்தில் ஒரு குறி மறைந்திருப்பதைக் கண்டால், அதே ஆண்டின் நாட்குறிப்பு, கடிதம், கல்வெட்டு, கோயில் கணக்கு ஏதாவது ஒன்றைத் துணைக்கு அழையுங்கள்.

கோட்டைச் சுவரின் கதையும் அப்படியே. 1761 ஜனவரியில் நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பதிலடி அது என்று சொல்வதுண்டு. 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தம் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊரைத் திருப்பித் தரச் சம்மதித்தபோது, கோட்டை கட்டக்கூடாது, காவல் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டது. அதனால் 1816க்குப் பிந்தைய படங்களில் கொத்தளங்கள் இருந்த இடத்தில் முட்டை வடிவ நெடுஞ்சாலை நகரைச் சுற்றி ஓடுகிறது. கோட்டையின் நடுவிடம் இன்று பாரதி பூங்கா. நகரின் அழகான வளைவு என்று நாம் ரசிக்கும் பூல்வார் என்னும் அந்தச் சுற்றுச்சாலை, ஒரு தோல்வியின் நிபந்தனை.

இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது

பழைய படத்தை இன்றைய படத்தின் மீது பொருத்த 'கியூஜிஸ்' என்னும் இலவச மென்பொருள் போதும். இரண்டு படங்களிலும் மாறாமல் இருக்கும் சில புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், அது பழைய படத்தை இழுத்தும் சுருக்கியும் பொருத்தித் தரும். புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் எஞ்சிய பகுதி, புதுச்சேரியின் பழைய வீதிச் சந்திப்புகள் ஆகியவற்றை நம்பலாம். கெடிலம், தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு ஆகியவற்றின் முகத்துவாரங்களை ஒருபோதும் எடுக்காதீர்கள். மணல்திட்டு ஆண்டுதோறும் நகரும். கடற்கரையின் விளிம்பையும் எடுக்காதீர்கள். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் வந்தபின் வடக்கே மணல் சேர்வது நின்று, நகரின் கடற்கரையே கற்குவியலாக மாறியது. பழைய படத்தில் அகன்ற மணற்பரப்பு இருந்தால் வரைந்தவர் தவறு செய்தார் என்று பொருளாகாது.

கடலிலிருந்து வருபவரின் கண்ணுக்காக வரைந்த துறைமுகப் படங்களில் கடல் கீழேயும் மேற்கு மேலேயும் இருக்கும். அவற்றைப் பொருத்துவதற்காக வடக்கு மேலே வரும்படி திருப்பும் முன், இருந்தபடியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து கோட்டை முதலில், நகரம் பிறகு, கிராமங்கள் கடைசியில் என்று காணும் வரிசை அந்தத் திசையமைப்பில்தான் பதிந்திருக்கிறது. மென்பொருள் செய்யும் திருத்தமும் ஒருவகை மறுவரைவே. பொருத்தும்போது அதிகமாக இழுபடும் இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியை அளந்து வரைந்தார்கள், எந்தப் பகுதியைக் கேட்டு வரைந்தார்கள் என்பது அங்கே பிரியும்.

காணிப்படமும் இன்றைய திட்டப் படமும்

பழைய படங்களில் பழகிய கண்ணுக்கு நிகழ்காலத்தில் வேலை இருக்கிறது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து, ஒவ்வொரு புல எண்ணின் விவரத்தையும் பட்டியலிடும் அ-பதிவேட்டோடு சேர்த்துப் படியுங்கள். பதிவேடு இல்லாத காணிப்படம் பாதிப் படம்தான். 'ஊர் நத்தம்', 'சேரி நத்தம்' என்று இரண்டு குடியிருப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கும் பழைய படங்களில், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். குளம், சுடுகாடு, பாதை ஆகியவை எந்தக் குடியிருப்பின் பக்கம் இருக்கின்றன என்றும் பாருங்கள். 'தரிசு', 'புறம்போக்கு' என்பவை வரி வசூலிப்போரின் வகைப்பாடுகள். வரி வராத நிலத்தில் மாடு மேய்ந்திருக்கும், வலை காய்ந்திருக்கும், பனங்கள் இறங்கியிருக்கும். புதுச்சேரிப் பத்திரங்களில் மறு அளவை எண்ணோடு பிரெஞ்சுக் காலத்துக் கடாஸ்தர் (நிலப்பதிவு) எண்ணும் சேர்ந்து வருவது வழக்கமாதலால், ஒரே மனைக்கு இரண்டு அரசுகள் வரைந்த இரண்டு படங்களைத் தேடி எடுக்க வாய்ப்பிருக்கிறது. கடலூர்ப் பக்கத்தில் யு.டி.ஆர். எனப்படும் நில ஆவணப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு முந்தைய ஆவணத்தையும் பிந்தையதையும் ஒப்பிடுவது அதே பயனைத் தரும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலப் படங்கள் இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானவை. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரைகளில் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், அதற்குக் கீழே உள்ள இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பகுதி. மாநில அளவிலான திட்டப் படம் 1:25,000 அளவையில் இருக்கும். அந்த அளவையில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 50 மீட்டர் என்பது வெறும் 2 மில்லிமீட்டர். அச்சில் கோடு 1 மில்லிமீட்டர் தடிமனாக விழுந்தாலே, நெருக்கமான மீனவர் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகள் அந்தக் கோட்டுக்கடியில் மறைந்துபோகும். அவை கோட்டுக்கு உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்று அந்தப் படத்தைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது; ஆகவே ஏறத்தாழ 1:4,000 அளவையிலுள்ள புல எண் கொண்ட உள்ளூர்ப் படத்தையே கேட்டுப் பெறுங்கள். அதில் படகு ஏற்றும் இடம், வலை காய வைக்கும் இடம், மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கின்றனவா, 2004 சுனாமிக்குப் பின் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்புகள் எந்த ஊரோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று கரையில் நின்றுகொண்டே சரிபாருங்கள். இதற்கு ஊர்ப் பெரியவர்களோடு, மீன் காயவைக்கும் பெண்களும் உடன் வர வேண்டும். களம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மண்டலம் என்று வந்துவிட்டால், அதன் எல்லை எந்த அடிப்படையில் போகிறது என்று பார்ப்பதும் அவசியம். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தில், கடலூர் மாவட்டத்திலிருந்து காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஊராட்சி ஒன்றியங்கள் இடம்பெற்றன. ஒன்றிய எல்லை நிர்வாக வசதிக்காகப் போடப்பட்டது. நிலத்தடி நீரோ வாய்க்காலோ அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடுவதில்லை என்பதைப் பாசனப் படத்தை மேலே வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இணையப் படங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். காஷ்மீரின் எல்லை இந்தியாவில் திறக்கும் கூகுள் படத்தில் ஒரு மாதிரியும், வெளிநாட்டில் திறக்கும்போது வேறு மாதிரியும் தெரியும். நாட்டின் எல்லையை இந்திய நில அளவைத் துறையின் படத்துக்கு மாறாக வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆகவே உங்கள் கட்டுரைக்கோ மாணவர் கண்காட்சிக்கோ வெளிநாட்டுத் தளத்திலிருந்து இந்தியப் படத்தை எடுத்துப் போடும் முன் எல்லையைக் கவனித்துவிடுங்கள்.

பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் செல்வதாக இருந்தால், வரைவுப் படத்தின் தாள் எண், அளவை, அடிப்படைத் தரவு எடுக்கப்பட்ட ஆண்டு, விடுபட்ட இடத்தின் புல எண் ஆகிய நான்கையும் மனுவில் எழுதி, அந்த இடத்தின் தேதியிட்ட புகைப்படத்தை இணைத்து, கூட்டத்துக்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'எங்கள் கரை படத்தில் இல்லை' என்று கூட்டத்தில் வாயால் சொன்னால் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். தாள் எண்ணோடும் புல எண்ணோடும் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை அவர்கள் திறந்து பார்த்துப் பதில் எழுத வேண்டியிருக்கும்.